பாலாற்றங்கரைத் தோல் தொழிலும் அண்டையார் உரிமையும்

தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்றதும் பெருங்குழுமங்களின் அறக்கட்டளைகளே நம் நினைவில் எழுகின்றன. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் என்னும் வரம்புகளுள் ஒன்றையேனும் எட்டிய நிறுவனங்களுக்கே அதைக் கடமையாக்கியுள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் நம்மவர் பங்காளிகளாகக் கூடி நடத்தும் சிறு, நடுத்தரத் தோல் ஆலைகளை அச்சட்டம் தொடுவதில்லை.

அவ்வூர்களில் கொடைக்குக் குறைவிருந்ததில்லை. 1919இல் வாணியம்பாடியில் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரியும், மேல்விஷாரத்தில் தோல் வணிகப் பெருமகனார் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் பெயர் தாங்கி 1965இல் தொடங்கிய கல்லூரியும் இன்றும் நிற்கின்றன. ஆனால், கொடுப்பது வேறு. பிறருக்குக் கெடுதி செய்யாதிருப்பது வேறு. முன்னது ஸதகா. பின்னது அடியார்களின் ஹக்கு. உரியவர் மன்னித்தாலன்றித் தீராதது. தண்ணீர்த் துறையிலும் வழியிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து விலக்கினார்கள். தேங்கிய நீரைக் குறித்தும் அவ்வாறே எச்சரித்தார்கள்.

முன்னோர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். அக்காலத்தும் உப்புநீர் ஓடியது, அதை மறைப்பதற்கில்லை. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு முழுப்பதத் தோல் ஊக்குவிக்கப்பட்டபின் குரோமியப் பதனீடு பரவிற்று. உப்போடு குரோமியமும் சேர, கிணறுகளும் வயல்களும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அறிவித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது. தனித்தனியே சுத்திகரிக்க இயலாத சிற்றாலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இணைந்தன. எனினும், பிரித்தெடுத்த உப்பும் சேறும் எங்கே போகும் என்னும் வினா எஞ்சியது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையமொன்றின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் உறங்கிய 10 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், இழப்பீடு எட்டாத குடும்பங்களுக்கு அரசு அதனை வழங்கி, மாசுபடுத்தியவரிடம் வசூலிக்குமாறு ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்!

இவ்விழப்பீட்டை அறக்கொடையாக எண்ணுவோர் நம்மிடையே உண்டு. மார்க்கத் தீர்ப்பில் அது கடன். ஜகாத் கணக்கிடுமுன் மனிதருக்குரிய கடனைக் கழித்துக்கொள்வது ஹனஃபி மத்ஹபின் வழக்கம். கடனையே ஜகாத்தாக எழுதிக்கொள்ள எம்மத்ஹபிலும் இடமில்லை.

சிற்றாலை உரிமையாளரின் இடர்ப்பாட்டையும் நாம் அறிவோம். பலர் பிறர் தோலைக் கூலிக்குப் பதனிடுபவர்கள். தோல் ஏற்றுமதியாளருடையது, கழிவு மட்டும் கூலிக்காரருடையதா? ஆலிம்களும் வணிகரும் ஒன்றமர்ந்து தீர்க்கவேண்டிய சிக்கல் இதுவே. நம் கருத்தில், கழிவுநீர்ச் செலவைக் கூலிப் பேச்சிலேயே தனியாகக் குறித்து, தோலுக்குரியவர் செலுத்துவதே நேர்மை. கூலிக்காரரின் பங்கும் உண்டு: ஊறப்போடுமுன் தோலை உதறி உப்பை நீக்கலாம்; எஞ்சிய குரோமியக் கரைசலை மீட்டு மீண்டும் பயன்படுத்தலாம். முன்னதற்கு இயந்திரம்கூடத் தேவையில்லை, ஆளும் மரச்சட்டமும் போதும்.