நாடாவில் உறங்கும் குரல்கள்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



எழுதியதைத் திரும்பப் படிக்கலாம். பேசியதைத் திரும்பக் கேட்க வழியில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனின் நிலை இதுதான். 1877ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் போனோகிராப் என்னும் கருவியைச் செய்து இந்த நிலையை மாற்றினார். அதன் பிறகு ஒலியைச் சேமிக்கப் பல சாதனங்கள் வந்தன, மறைந்தும் போயின. அவற்றுள் நம் வீடுகளில் பல ஆண்டுகள் குடியிருந்த கேசட் என்னும் ஒலிநாடாவைப் பற்றி இங்கே காண்போம்.

கேசட்டுக்கு முன்பு இசைத்தட்டு இருந்தது. எமில் பெர்லினர் என்பவர் 1887இல் கிராமபோனை உருவாக்கினார். பழைய தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம் பாடும். குழாயின் முன் நாய் அமர்ந்து கேட்கும் படத்தைத் தாத்தா பாட்டிமார் நன்கு அறிவார்கள். ஆனால் இசைத்தட்டை வாங்கிக் கேட்கலாமே தவிர, சாதாரண வீடுகளில் சொந்தக் குரலை அதில் பதிய முடியாது.

அந்த வசதியை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது கேசட்டே. பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஆட்டன்ஸ் என்னும் பொறியாளரின் குழு இதை உருவாக்கியது. கோட்டுப் பையில் அடங்கும் ஒரு மரத்துண்டை அளவாக வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினாராம். 1963இல் பெர்லின் கண்காட்சியில் கேசட் வெளியிடப்பட்டது.

இது எவ்வாறு வேலை செய்கிறது? உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் இரும்பு ஆக்ஸைடுத் தூள் பூசப்பட்டிருக்கும். நாம் பேசும்போது மைக் அந்த ஒலியை மின்சாரமாக மாற்றுகிறது. அந்த மின்சாரம் ‘ஹெட்’ எனப்படும் சிறு மின்காந்தத்தில் பாய்கிறது. அதை உரசிச் செல்லும் நாடாவின் துகள்கள், குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் காந்தமாகின்றன. திரும்ப ஓட்டும்போது அந்தக் காந்தத் துகள்கள் ஹெட்டில் மின்சாரத்தைத் தூண்டுகின்றன. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலேதான் இது! நாடா வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடும். ஆகவே 60 நிமிடக் கேசட்டினுள் ஏறக்குறைய 86 மீட்டர் நாடா சுருண்டிருக்கிறது.

கேசட்டின் பின்விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதுவும் பதியாது. மீண்டும் பதிய விரும்பினால் அந்தப் பள்ளத்தை ஒட்டுத்தாளால் மூடினால் போதும்.

நம் அம்மாக்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். விருப்பமான பாடல்களைப் பட்டியல் எழுதிக் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கியது, சிக்கிய நாடாவை விரலால் மெல்ல இழுத்தது, பல் சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றியது எல்லாம் அவர்களுக்கு இனிய நினைவுகள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள், கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்பினார்கள்.

எங்கள் அம்மாச்சியிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. 1986இல் தாத்தா மஸ்கட்டிலிருந்து அனுப்பியது. தாத்தா நான் பிறக்குமுன்பே இறைவனடி சேர்ந்துவிட்டார். வீட்டு டேப் ரிக்கார்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. எங்கள் பங்கு ஆலயத்தில் திருவிழாவுக்குப் பாட்டுப் போட வைத்திருந்த பழைய கருவியை உபதேசியார் தேடி எடுத்துத் தந்தார். ஒரு பக்கத்தில் தாத்தா பேசுகிறார். “பிள்ளைக்கு இருமல் நின்றதா? கிணற்றடித் தென்னை காய்த்ததா? செபமாலை சொல்லும்போது என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். மறு பக்கத்தைப் போட்டால் சினிமாப் பாட்டு! மாமா சிறுவனாக இருந்தபோது வானொலியிலிருந்து பதிந்தாராம். பின்விளிம்புத் துண்டு உடைக்கப்படாததால் அந்தப் பக்கத்துப் பேச்சு அழிந்துவிட்டது. அந்தப் பாட்டு இன்று எல்லாக் கைபேசியிலும் கிடைக்கிறது. தாத்தாவின் பேச்சு எங்கே கிடைக்கும்?

இதில்தான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. கடையில் விற்ற பாடல்களுக்கு ஆயிரக்கணக்கான பிரதிகள் உண்டு. வீட்டில் பதிந்த குரலுக்கு அந்த ஒரு நாடாவே ஆதாரம். அந்த நாடாவும் கருவி இல்லாமல் பேசாது. இசைத்தட்டின் கோடுகளையாவது கண்ணால் பார்க்கலாம். ஊசியையும் காகிதக் கூம்பையும் வைத்தே சிறிது கேட்டுவிடலாம். நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெறும் பழுப்பு நிறம்தான் தெரியும். கருவிகளோ மறைந்து வருகின்றன. வி.சி.ஆர். கருவியைக் கடைசிவரை தயாரித்து வந்ததாக அறியப்படும் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. திருமணம், முதல் நற்கருணை விழா என எத்தனை வீடியோ கேசட்டுகள் பரணில் கிடக்கின்றனவோ!

ஆகவே பின்வருவனவற்றைக் கவனிப்போம்.

1. கேசட்டுகளை வெயில், ஈரம், ஒலிபெருக்கிக் காந்தம் ஆகியவற்றிலிருந்து விலக்கி, உறையில் இட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும்.

2. அரிய குரல் உள்ள கேசட்டின் பின்விளிம்புத் துண்டுகளை உடனே உடைத்துவிட வேண்டும்.

3. நெடுநாள் ஓடாத கருவியில் ரப்பர் பெல்ட் தளர்ந்து நாடாவைச் சிக்க வைக்கும். முதலில் வேண்டாத பாட்டுக் கேசட்டைப் போட்டுச் சோதிக்க வேண்டும்.

4. நாடாவில் வெண்மையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டக் கூடாது. விவரம் அறிந்தவரிடம் காட்ட வேண்டும்.

5. கருவியின் இயர்போன் துளையிலிருந்து கம்பி மூலம் கணினிக்கு இணைத்துப் பதிந்துகொள்ளலாம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், பொறுமை தேவை. பிரதிகளை இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். அதன் பின்னும் கேசட்டை எறியக் கூடாது.

ஒலி, ஒளிப் பதிவுகளின் அருமையை உணர்த்த யுனெஸ்கோ அக்டோபர் 27ஆம் நாளை உலக நாளாக அறிவித்துள்ளது. அந்த நாளுக்காகக் காத்திராமல் இந்த விடுமுறையிலேயே பெற்றோரின் துணையுடன் பரணில் தேடிப் பாருங்கள், தோழிகளே. நாடா நாளுக்கு நாள் முதுமை அடைகிறது. அதில் பேசுபவர் யாரென்று சொல்லக்கூடிய பெரியவர்களும் அப்படியே. இருவரும் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது நம் கடமையாகும்.