வகைமைக் கணிதம் பயில விழைவோர்க்கு

கணித ஆராய்ச்சிக்குச் சோதனைச்சாலையோ விலையுயர்ந்த கருவிகளோ வேண்டுவதில்லை. தக்க நூல்களும், வழிகாட்ட ஓர் ஆசிரியரும் வேண்டும். இவ்விரண்டும் நெடுங்காலம் பெருநகரங்களிலேயே கிடைத்துவந்தன. தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய பாலக்காட்டுச் சிற்றூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் வாழும் தமிழ் மாணவர், பாடத்திட்டத்திற்கு அப்பாற்பட்ட நூலொன்றைக் காணத் திருவனந்தபுரத்திற்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்தது. இந்நிலை இப்பொழுது மாறியுள்ளது. வகைமைக் கோட்பாடு இதற்கு நல்ல சான்றாகும்.

1945-ஆம் ஆண்டில் ஐலன்பர்க், மக்லேன் என்னும் இரு கணித அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரையில் இக்கோட்பாடு தோன்றியது. பொருள்களின் உள்ளமைப்பை விடுத்து, அவற்றிடையே உள்ள தொடர்புகளை, அதாவது அம்புகளை, இது ஆராய்கிறது. ஓர் இயல் எண் மற்றொன்றை மீதியின்றி வகுக்குமாயின், முதலதிலிருந்து இரண்டாவதற்கு ஓர் அம்பு உண்டெனக் கொள்வோம். 2 என்பது 6-ஐயும், 6 என்பது 12-ஐயும் வகுப்பதால், இரு அம்புகளை இணைத்து 2-லிருந்து 12-ஐ அடையலாம். இவ்வமைப்பில் 'பெருக்கம்' என்பதன் பொது இலக்கணத்தைப் பொருத்தினால், 12, 18 ஆகியவற்றிற்குக் கிடைப்பது 216 அன்று. அவற்றின் மீப்பெரு பொது வகுத்தியாகிய 6 ஆகும். கணங்களுக்கு அதே இலக்கணம் கார்ட்டீசியன் பெருக்கத்தைத் தருகிறது. தொலைவிலுள்ள கருத்துகளை இவ்வாறு ஒன்றுபடுத்துவதே இக்கோட்பாட்டின் பயன்.

கேரளத்திலேயே இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. கேரளப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. எஸ். எஸ். நம்பூதிரிப்பாடு (1935-2020) ஒழுங்கு அரைக்குலங்களை ஆராய்ந்தார். அவரது ஆய்வை 1979-இல் அமெரிக்கக் கணிதக் கழகம் நூலாக வெளியிட்டது. ஓர் அரைக்குலத்திலிருந்து இரு வகைமைகளைப் பெற்று, அவற்றின் இணைப்பிலிருந்து அவ்வரைக்குலத்தையே மீட்டமைக்கும் முறையை 1994-இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கினார்.

தொடக்க மாணவர், குலம், வளையம், இடவியல் ஆகியவற்றின் அடிப்படைகளை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். பின்னர், 2014-இல் வெளிவந்த டாம் லைன்ஸ்டரின் அறிமுக நூலைப் பயிலலாம். 2016 முதல் அது ஆர்க்கைவ் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதனையடுத்து எமிலி ரீலின் நூலும் (2016), மக்லேனின் 1971-ஆம் ஆண்டு நூலும் கற்கத்தக்கவை. ஆராய்ச்சி நிலையை எட்டியோர்க்கு, 1995-இல் தொடங்கிய 'வகைமைகளின் கோட்பாடும் பயன்பாடுகளும்' எனும் பொருள்படும் பெயருடைய ஆங்கில இதழ் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கிடைத்தற்கரிய பழைய நூல்கள் சிலவும் அதன் மறுபதிப்பு வரிசையில் உள்ளன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் காணலாம். 2025 முதல், 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வாயிலாக அரசு உயர்கல்வி நிலைய மாணவர் அயல்நாட்டு ஆய்விதழ்களையும் படிக்க இயலும்.

நூல்கள் இல்லம் தேடி வந்துவிட்டன. கூடிப் பயில்வோரைத் தேடிக்கொள்வது இனி மாணவர் பொறுப்பு. இருவர் மூவராகச் சேர்ந்து, பயிற்சிக் கணக்குகளை ஒன்றும் விடாது செய்தல் வேண்டும். ஐயங்களுக்கு அண்மைக் கல்லூரி ஆசிரியரையோ, 2015-இல் பாலக்காட்டில் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கணிதத் துறையினரையோ அணுகலாம். மேற்கூறிய அம்புகளின் திசையைத் திருப்பினால் 12, 18 ஆகியவற்றிற்கு 36 கிடைப்பது ஏன் என்பதை முதற் பயிற்சியாகக் கொள்க.