உலோகத்துக்கு வர்ணம் தெளிக்கும் சாதனங்கள்: தேர்ந்தெடுக்கும் முறை

சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடும் அங்கத்தினர்களுக்குப் பழைய சோதனை ஒன்று நன்கு தெரியும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துப் போர்டோ கலவை தயாரித்ததும், துலக்கிய கத்தி ஒன்றை அதில் சிறிது நேரம் அமிழ்த்திப் பார்ப்பது வழக்கம். கத்தியின்மீது செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அறிகிறோம். செம்பு படியும் இடத்தில் இரும்பு கரைந்துபோகிறது என்பதே இதன் உட்பொருள். சரிவரக் கலக்காத மருந்து தெறித்த தகரக் கூரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் துத்தநாகப் பூச்சு இவ்வாறே அரிக்கப்படுகிறது. மூடுபனியின் ஈரமும் சேர்ந்தால் துரு விரைவாகப் பரவும். நல்ல வர்ணப் பூச்சே அதற்குக் காப்பு.

தோட்டத்தில் மருந்து தெளிக்கும் கருவியால் வர்ணமும் அடிக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது கூடாது. முதுகில் சுமக்கும் தெளிப்பானின் அழுத்தம், கெட்டியான வர்ணத்தை நுண்துளிகளாக்கப் போதாது. தின்னர் அதன் ரப்பர் வாஷர்களையும் கெடுத்துவிடும். மேலும், உள்ளே தங்கிய வர்ணம் பிறகு பயிரின்மீது விழும்.

வர்ணம் பூசுவதற்கான சாதனங்கள் மூவகை. முதலாவது பிரஷ். கதவு, கைப்பிடிக் கம்பி, பழம் உரிக்கும் யந்திரத்தின் சட்டம் ஆகிய சிறு வேலைகளுக்கு இதுவே சிக்கனமானது. முதற்பூச்சை ஆணித்துவாரங்களிலும் இணைப்புகளிலும் நன்கு தேய்த்துச் செலுத்துவதற்கும் பிரஷே சிறந்தது. இரண்டாவது, கம்ப்ரஸரோடு இணைந்த ஸ்பிரே துப்பாக்கி. நெளித் தகடுகளின் மேடுபள்ளங்களில் இது சீராகப் பூசும். ஆனால் சாதாரணத் துப்பாக்கியில் வர்ணத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். குறைந்த அழுத்தத்தில் மிகுந்த காற்றைச் செலுத்தும் வகையில் சேதம் குறைவு. மூன்றாவது, காற்றின்றி வர்ணத்தையே பேரழுத்தத்தில் செலுத்தும் யந்திரம். பெரிய கிடங்குகளின் கூரைக்கு இது ஏற்றது; விலை அதிகம். இதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கும் மேற்படும். முனையில் விரல் வைத்தால் வர்ணம் தோலைத் துளைத்து உட்சென்றுவிடும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கம்ப்ரஸர் வாங்குவோர் அதன் தொட்டியின் அளவைக் கண்டு ஏமாறலாகாது. நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்றுத் தரும் என்பதையே கேட்க வேண்டும். சாதாரணத் துப்பாக்கி ஒன்றுக்குச் சுமார் 10 கன அடி தேவைப்படும். 1 குதிரைச் சக்தி கம்ப்ரஸர் தருவதோ 3 அல்லது 4 கன அடிதான். இதிலும் மலைவாசிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கடல் மட்டத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆகையால் சமவெளியில் சரியாக வேலை செய்யும் யந்திரம் இங்கே திணறும். சற்றுப் பெரிதாக வாங்குவதும், குழாயில் நீர்பிரிப்பான் பொருத்துவதும் அவசியம். காற்றோடு நீர்த்துளி வந்தால் வர்ணத்தில் கொப்புளம் எழும்.

எத்தகைய யந்திரமாயினும், துருவின்மேல் அடித்த வர்ணம் நிலைக்காது. கம்பி பிரஷும் உப்புத்தாளும் கொண்டு துருவை நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, உலர்த்த வேண்டும். புதிய துத்தநாகத் தகட்டில் சாதாரண எண்ணெய் வர்ணத்தை நேராகப் பூசினால் உரிந்துவிடும். அதற்குரிய பிரைமர் முதலில் வேண்டும். பனி படியும் வெப்பநிலையைவிட உலோகத்தின் சூடு 3 டிகிரியேனும் கூடுதலாக இருக்கும்போதே பூச வேண்டும். எனவே மூடுபனி விலகித் தகடு நன்கு உலர்ந்த பின் தொடங்கி, மாலைக் குளிர் இறங்குமுன் முடிப்பது நன்று.

உடல் நலம் இன்னும் முக்கியம். 2016-ஆம் ஆண்டின் விதிகள், 2017 நவம்பர் முதல், வீட்டு வர்ணங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தின. பழைய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அவற்றை உலரச் சுரண்டாமல் நனைத்தே சுரண்ட வேண்டும். ஈயமோ குரோமேட்டோ கலந்த பிரைமரைத் தெளிப்பது கூடாது. மூக்கில் கட்டும் துணி, தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டியுள்ள முகமூடியே வேண்டும். அருகில் அடுப்போ பீடியோ இருத்தலாகாது. சமவெளியிலுள்ள நெசவாள அங்கத்தினர்கள் சாயப்பட்டறைக் கூரைக்கு வர்ணம் தெளிக்குமுன் நூலையும் பாவையும் அப்புறப்படுத்திவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வேலைக்காக ஒவ்வொருவரும் யந்திரம் வாங்கினால் பணம் முடங்கும். தனி அங்கத்தினருக்கு நல்ல பிரஷ் போதும். சங்கம் தக்க அளவுள்ள கம்ப்ரஸர் ஒன்றும், துப்பாக்கி ஒன்றும், முகமூடிகளும் வாங்கி, பயின்ற ஆள் ஒருவரோடு முறைவைத்து வாடகைக்கு விடுவதே உசிதம். ஒருவர் பொறுப்பில் இருந்தால்தான் வேலை முடிந்ததும் துப்பாக்கி கழுவப்படும். கழுவாத துப்பாக்கி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், மறுநாளே பயனற்றதாகிவிடும்.