புதுக் கீர்த்தனைக்குக் காது கொடுப்பவர் யார்?

தரமணி டைடல் பார்க்கிலும், அதைச் சுற்றியுள்ள மென்பொருள் அலுவலகங்களிலும், ஆராய்ச்சி நிலையங்களிலும் வேலை பார்ப்பவர்களில் சிறு வயதில் பாட்டு கற்றவர்கள் நிறைய உண்டு. அவர்களில் சிலர் கற்றதைப் பாடுவதோடு நிற்பதில்லை, சொந்தமாகப் பாட்டும் கட்டுகிறார்கள். ரயிலுக்குக் காத்திருக்கும்போது ஒரு பல்லவி தோன்றும். ஞாயிற்றுக்கிழமை அதற்கு அனுபல்லவி அமையும். செல்போனில் பதிவு செய்து வைப்பார்கள்.

அதன் பிறகுதான் சிக்கல். பாடிக் காட்டி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்க ஆள் இல்லை. வீட்டாருக்கு எல்லாமே பிடிக்கும். குருவிடம் காட்டக் கூச்சம். கச்சேரி செய்பவர்களுக்கு நேரமில்லை. பாட்டு போனிலேயே தங்கிவிடுகிறது.

அந்தப் பாட்டுக்கு ஒரு சபை வேண்டும். பாராட்ட மட்டுமே கூடும் சபை போதாது. கேட்டு, குறை சொல்லி, திருத்தச் சொல்லும் சபையாக அது இருக்க வேண்டும்.

வேறு வேலை பார்த்த பாட்டுக்காரர்கள்

பாட்டுக் கட்டுவது முழுநேர வித்வான்களின் வேலை என்று நினைப்பவர்கள், இன்று மேடைகளில் பாடப்படும் தமிழ்ப் பாடல்களை யார் எழுதினார்கள் என்று பார்க்கலாம். கோடீஸ்வர ஐயர் (1870–1938) சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். 72 மேளகர்த்தா ராகங்களிலும் முருகன் மேல் தமிழ்க் கீர்த்தனை செய்து ‘கந்த கானாமுதம்’ தந்தார். பெரியசாமித் தூரன் (1908–1987) ஆசிரியர், பிறகு பத்துத் தொகுதிகள் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர். சுத்த சாவேரியில் திரிபுரசுந்தரியைப் பாடும் அவருடைய கீர்த்தனையைக் கச்சேரிகளில் அடிக்கடி கேட்கிறோம். அம்புஜம் கிருஷ்ணா (1917–1989) மதுரையில் டி.வி.எஸ். குடும்பத்தில் வாழ்ந்தவர். அறுநூறுக்கு மேல் பாடல்கள் எழுதினார்.

இவர்கள் பாடல்கள் நிலைத்ததற்குப் பின்னால் பிறருடைய காதும் குரலும் இருக்கின்றன. அம்புஜம் கிருஷ்ணா பாடல்களை எழுதி வித்வான்களிடம் கொடுத்தார். வி.வி. சடகோபன், எஸ். ராமநாதன், டி.என். சேஷகோபாலன் எனப் பலர் மெட்டமைத்தார்கள். தூரனின் வரிகளுக்கும் அப்படித்தான் மெட்டுகள் அமைந்தன. கோடீஸ்வர ஐயரின் கடினமான விவாதி மேளப் பாடல்களை விடாமல் பாடிப் பரப்பியவர், மயிலாப்பூர் நடுத்தெருவில் வாழ்ந்த ஓவியரும் பாடகருமான எஸ். ராஜம். அவர் எடுத்திருக்காவிட்டால் அவற்றில் பலவும் புத்தகத்தோடு நின்றிருக்கும்.

மாயூரத்தில் நடந்தது

கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் கேட்டுப் போனார். நூலில் இலக்கணப் பிழைகள் இருப்பதைப் பார்த்த பிள்ளையவர்கள், அதை நேரே சொல்லாமல் நாளைக் கடத்தினார். பாரதியாரும் விடாமல் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது, வெளியே காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனையை உருகிப் பாடினார். கேட்ட பிள்ளையவர்கள் மனம் இளகிப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். 1861இல் நூல் அச்சேறியது. இதைப் பதிவு செய்தவர், இருவரிடமும் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர்.

பாட்டுக் கட்டுகிறவருக்கு இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஏட்டில் பிழையாகத் தெரிந்த பாட்டு, காதில் விழும்போது வேறாக நிற்கலாம். அதனால் பாடிக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்னொன்று, குறையை மனத்தில் வைத்துக்கொண்டு தள்ளிப்போடுவதைவிட அன்றைக்கே எடுத்துச் சொல்வது படைத்தவருக்குச் செய்யும் மரியாதை.

எதைச் சொல்வது?

“நன்றாக இருக்கிறது”, “ஏதோ இடிக்கிறது” என்பவை படைத்தவருக்குப் பயன்படாது. இடம் குறித்துச் சொல்ல வேண்டும். மோகனத்தில் ஒரு பல்லவி என்று வைத்துக்கொள்வோம். மோகனத்துக்கு ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களே. மேல் ஷட்ஜத்திலிருந்து இறங்கும்போது பாடுபவரை அறியாமல் நிஷாதமும், பஞ்சமத்துக்குக் கீழே மத்யமமும் நுழைந்துவிட்டால், பாட்டு பிலஹரிப் பக்கம் போய்விடும். ஏறும் வரிசை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் கட்டியவருக்கு இது தெரிவதில்லை. எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு உடனே தெரியும்.

சாகித்தியத்திலும் அப்படியே. ‘மலை’ என்ற சொல்லின் முதல் எழுத்தைத் தாளத்துக்காக இரண்டு அட்சரம் நீட்டினால் கேட்பவர் காதில் ‘மாலை’ என்று விழும். பல்லவியின் எதுகை அனுபல்லவியில் தொடர்கிறதா, சொல் நடுவில் உடைகிறதா, எடுப்பு சமத்தில் இருந்தால் நல்லதா, அரை இடம் தள்ளி இருந்தால் நல்லதா என்றெல்லாம் நான்கு பேர் பேசினால், அடுத்த வாரம் அதே பாட்டு வேறு பாட்டாக வரும்.

வேதியியலாளரின் ஓபெரா

1860களில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஐந்து பேர் இப்படிக் கூடினார்கள். போரோடின் வேதியியல் பேராசிரியர். குயி ராணுவப் பொறியாளர். முஸோர்க்ஸ்கி அரசு ஊழியர். ரிம்ஸ்கி கோர்சகோவ் கடற்படை அதிகாரி. பலகிரேவ் அவர்களுக்கு வழிகாட்டி. எழுதியதைப் பியானோவில் வாசித்துக் காட்டுவார்கள், மற்றவர்கள் விமர்சிப்பார்கள், திருத்துவார்கள். போரோடின் 1887இல் இறந்தபோது ‘இளவரசர் இகோர்’ ஓபெரா முடியாமல் கிடந்தது. ரிம்ஸ்கி கோர்சகோவும் கிளாசுனோவும் அதை முடித்துக் கொடுத்தார்கள்.

தரமணியில் தொடங்கலாம்

சென்னையில் இசையைப் பற்றிப் பேச இடங்கள் உண்டு. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியின் மார்கழிக் காலை அமர்வுகளில், உரை முடிந்ததும் நிபுணர்கள் கருத்துச் சொல்வார்கள். தமிழ் இசைச் சங்கம் பண் ஆராய்ச்சிக்காக ஆண்டுதோறும் அறிஞர்களைக் கூட்டுகிறது. அதே அக்கறை, இன்று பிறக்கும் பாட்டுக்கும் கிடைக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. மாதம் ஒரு ஞாயிறு காலை, ஓர் அறை, ஒரு சுருதிப்பெட்டி, எட்டுப் பத்துப் பேர் போதும். ஒருவர் ஒரு பாட்டு மட்டும் கொண்டுவரட்டும். சுரதாளக் குறிப்பை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவிடட்டும். இரண்டு முறை பாடிய பிறகே மற்றவர்கள் பேச வேண்டும். பேசுபவர் பிடித்த ஓர் இடத்தையும் இடித்த ஓர் இடத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். படைத்தவர் வாதாடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ் அறிந்த ஒருவரும், தாளம் அறிந்த ஒருவரும் கூட்டத்தில் இருப்பது மிகவும் அவசியம்.

அங்கே திருந்திய பாட்டைத் தாளில் எழுதிப் பாதுகாக்கவும் வேண்டும். தரமணியிலேயே இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் வைத்து 1994இல் தொடங்கியது. அச்சான பழம்பாட்டு இன்றும் கைக்குக் கிடைக்கிறதென்றால், அப்படி ஒருவர் எடுத்து வைத்ததால்தான். வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள் கட்டும் பாட்டும் அந்த வரிசையில் சேரத் தகுந்ததே. போனில் ஒரு பாட்டை வைத்திருப்பவர்கள் இரண்டு நண்பர்களை அழைத்து, முதல் ஞாயிற்றைக் குறித்துவிடுங்கள்.