மண் எவ்வளவு தாங்கும்?

இந்த முறை ஒரு கட்டுமானக் கணக்கைப் பார்ப்போம். அகலத்தைவிட ஆழம் மிகாத அடித்தளத்தை ஆழமற்ற அடித்தளம் என்கிறோம். (அஸ்திவாரத்துக்குக் ‘கடைக்கால்’ என்றொரு நல்ல தமிழ்ச்சொல் உண்டு. அதற்காகத் தோண்டும் பள்ளத்துக்குப் பெயர் ‘வானம்’! வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.)

களிமண்ணில் ஒரு சுவர் எழுப்புகிறோம். அந்த மண், சறுக்கி விலகாமல் எதிர்க்கும் வலிமை சதுர மீட்டருக்கு 40 கிலோநியூட்டன் என்று வெச்சுக்குவோம். இதை 5.14ஆல் பெருக்க வேண்டும். இந்த எண் எங்கிருந்து வந்தது? பையுடன் 2ஐக் கூட்டிப் பாருங்கள், அதேதான். 1920இல் ஜெர்மானிய அறிஞர் பிராண்டல் கண்ட விடை. பெருக்கினால் 205.6. இந்த அழுத்தத்தில் மண் உடைந்துவிடும். ஆகவே பாதுகாப்புக்காக 3ஆல் வகுக்கிறோம்: ஏறக்குறைய 68.5. சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமை 60 கிலோநியூட்டன் என்றால், 60ஐ 68.5ஆல் வகுக்க 0.88 வரும். அதாவது 0.9 மீட்டர் அகலம் போதும்.

கணக்கு சுலபம்தான். ஆனால் அந்த 40 எந்த ஆழத்து மண்ணின் வலிமை? கேள்வித்தாள் ஒரே எண்ணைத் தந்துவிடும். நிலம் அப்படித் தராது.

கனடாவில் வின்னிபெக் நகருக்கருகே டிரான்ஸ்கோனாவில் 65 உருளைத் தொட்டிகள் கொண்ட தானியக் களஞ்சியம் ஒன்றைக் கட்டினார்கள். பள்ளத்தின் அடியில் சிறிய தகடு வைத்துச் சோதித்தபோது மண் கெட்டியாகவே இருந்தது. 1913 அக்டோபரில் தானியம் நிரப்பிக்கொண்டிருந்தபோது கட்டடம் அமிழத் தொடங்கி, ஒரு நாளைக்குள் ஏறக்குறைய 27 பாகை சாய்ந்துவிட்டது. காரணம், கெட்டியான களிமண்ணுக்குக் கீழே மெத்தென்ற களிமண் இருந்தது. சின்னத் தகட்டின் அழுத்தம் அதன் அகலத்தைப்போல் ஓரிரு மடங்கு ஆழத்துக்குத்தான் இறங்கும். களஞ்சியத்தின் அடித்தளமோ சுமார் 23 மீட்டர் அகலம்! அதன் அழுத்தம் அடியிலிருந்த மெத்தென்ற மண்வரை போய்விட்டது. 3ஆல் வகுப்பது இந்த மாதிரி தவறுக்கு மருந்தாகாது.

களஞ்சியம் பெரும்பாலும் உடையாமல்தான் சாய்ந்து கிடந்தது. பிறகு அடியில் பாறைவரை தூண்கள் இறக்கி, அதை நிமிர்த்திவிட்டார்கள்.

எனவே மாணவர்களே, விடையில் அகலத்தை எழுதியதும், அந்த அகலத்துக்கு எவ்வளவு ஆழம்வரை மண்ணைச் சோதிக்க வேண்டும் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.