உப்பும் சீனியும் காத்த உயிர்கள்



"புள்ளைக்கு வயிறு போவுது, தண்ணி காட்டாதே! கொடுத்தா இன்னும் போவும்!"

லயத்து வீடுகளில் இந்தப் பேச்சைச் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். பாட்டிமார் பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அது தப்பு. வயிற்றுப்போக்கில் பெரும்பாலும் பிள்ளையின் உயிரை எடுப்பது, உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிப் போவதுதான்.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் உயிர் பிழைக்க இந்திய எல்லைக்குள் வந்தார்கள். அகதி முகாம்களில் காலரா புகுந்தது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே வேலை செய்த வங்காள டாக்டர் திலீப் மகலானபிஸ், தம் குழுவோடு எல்லையோர ஊரான பங்கானுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் இரண்டு அறை, 16 கட்டில். மற்றவர்கள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்த ஆளும் போதவில்லை.

சர்க்கரை சேர்ந்தால் குடல் உப்பையும் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும் என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆனால் டாக்டர் பக்கத்தில் இல்லாமல் சாதாரண ஜனங்கள் கையில் அதைக் கொடுக்கலாமா என்று படித்தவர்கள் தயங்கினார்கள். மகலானபிஸ் துணிந்தார். குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளியின் உறவுக்காரர்களிடமே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது!

கதை அதோடு முடியவில்லை. 1980 முதல் பத்து ஆண்டுகள், வங்காளதேசத்தில் பிராக் என்ற அமைப்பின் பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் கற்றுக்கொடுத்தார்கள். தாய்மார் எவ்வளவு மனதில் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு சோதித்து, அதன்படிதான் அந்தப் பெண்களுக்குச் சம்பளம்!

நம் வீட்டுக்கும் கணக்கு இதோ: காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய சின்னக் கரண்டியில் சீனி ஆறு, உப்பு அரை. உப்பு கூடினால் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கிளினிக்கில் உப்புப் பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, கண் உள்ளே போனாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். வேலை நேரம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தோட்டத்துக்கு மருத்துவ முகாம் போட யார் வந்தாலும் வரவேற்போம். மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். கூடவே, "நீங்க போன பிறகு நாங்க செய்ய என்ன கத்துக் கொடுப்பீங்க?" என்றும் கேட்போம். டாக்டர் சாயந்திரம் வேன் ஏறிவிடுவார். பிள்ளைக்கு நடுராத்திரியில் வயிறு போனால் பக்கத்தில் இருப்பது தாய்தானே?

இன்று நம்மோடு செம்பனைக் குலை சுமக்கும் வங்காளதேசத் தோழரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சிட்டிகை உப்பை அவர் தாயாரும் விரலால் எடுத்துக் காட்டியிருக்கலாம்.