மூழ்கிய காட்டுக்குள் ஒரு மூங்கில் தெப்பம்

போடி, தேவாரம், கம்பம் பக்கத்து டீக்கடைகளில் மே மாதம் கழிகிறதென்றால் பேப்பரை விரித்ததும் கண் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான்: பெரியாறு அணை இன்னைக்கு எத்தனை அடி? கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல்லுக்கு நாற்றுப் பாவலாமா, பொறுக்கலாமா என்பதை அந்த எண்தான் சொல்லும். மலைக்கு மேலே தேக்கடியில் இன்னொரு கூட்டமும் இதே எண்ணைக் காலையில் பேசிக்கொள்கிறது. இன்றைக்குத் தெப்பத்தை எந்த மரத்துக்கும் எந்த மரத்துக்கும் நடுவே விடலாம் என்று பார்க்க!

ஆமாம், மரங்களுக்கு நடுவேதான். அதுவும் ஏரிக்குள்ளே. பொறியாளர் பென்னிகுயிக் 1895-ல் அணையைக் கட்டி முடித்தபோது பெரியாற்றுப் பள்ளத்தாக்கின் காடு அப்படியே நின்றபடி மூழ்கியது. இலை போயிற்று, கிளை போயிற்று. அடிமரங்கள் பல இன்னும் கரிய தூண்களாக நிற்கின்றன. தண்ணீருக்கடியில் காற்று போதாததால் மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை. நீர் ஏறி இறங்கும் இடத்தில்தான் தேய்மானம். அமெரிக்காவின் லூயிசியானாவில், சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும் சதுப்புகளில் புதியவர்களைக் கயாக்கில் உட்காரவைத்து அழைத்துப் போகிறார்கள். அந்த மரங்களுக்கு உயிர் இருக்கிறது. நம்முடையவை செத்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் விழமாட்டேன் என்று அடம்பிடிப்பவை. எனக்கு இவற்றைத்தான் பிடித்திருக்கிறது.

இனி திரைக்குப் பின்னால் வாருங்கள். பெரியாறு புலிகள் காப்பகம் நடத்தும் மூங்கில் தெப்பப் பயணம் காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. முதல் சடங்கு, அட்டைக் காலுறை. தடித்த துணியில் முழங்கால்வரை ஏறும் பை அது. அதை இழுத்துக் கட்டி, மேலே கொஞ்சம் மூக்குப்பொடியும் தூவிக்கொண்டு வரிசையாக நின்றால், தெருக்கூத்துக்கு வேஷம் கட்டி முடித்த மாதிரி ஆளுக்காள் பார்த்துச் சிரிக்கத் தோன்றுகிறது. அட்டைக்கு மட்டும் சிரிப்பு வராது. அது பாட்டுக்குத் தையல் ஓரத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருக்கும்.

கொஞ்ச தூரம் காட்டுக்குள் நடந்து இறங்கினால் தெப்பம். முற்றிய மூங்கில்களை அடுக்கிக் கட்டி, மேலே உட்காரப் பலகை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கணுவுக்கும் இடையில் காற்று அடைபட்டிருப்பதால் மூங்கில் மிதக்கிறது. ஒரு கணு விண்டாலும் அடுத்தது தாங்கும். ஆனால் பாதம் நனையாமல் யாரும் திரும்புவதில்லை. பயணிகள் பத்துப் பேருக்கு மேல் கிடையாது. கூடவே வழிகாட்டிகள், துப்பாக்கியுடன் ஒரு வனக்காவலர். உயிர்காப்பு அங்கி போடாமல் கால் வைக்க முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

உட்காருவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வழிகாட்டி ஒரு பார்வையிலேயே எடை போட்டுவிடுகிறார். "அண்ணே, நீங்க இந்தப் பக்கம் வாங்க. அக்கா, நீங்க நடுவுல." அப்புறம் துடுப்புப் பாடம். இரண்டு பக்கமும் ஒன்றாகப் போட்டால் நேரே போகும். ஒரு பக்கம் ஓய்ந்தால் அந்தப் பக்கம் திரும்பும். அவ்வளவுதான் பாடம்! ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நாம் போடும் துடுப்பு பெரும்பாலும் நம் திருப்திக்குத்தான். முன்னாலும் பின்னாலும் இருக்கும் வழிகாட்டிகள்தான் தெப்பத்தைக் கொண்டுபோகிறார்கள். வெளியே தெரியும் மரம் எதுவும் செய்யாது. நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே ஒளிந்திருக்கும் மரம்தான் வில்லன். அணையில் சில அடி ஏறினாலோ இறங்கினாலோ ஒளிந்திருப்பவை மாறிவிடும். டீக்கடை எண் இங்கே பாதைக் கணக்காவது இப்படித்தான். 2014-ல் உச்ச நீதிமன்றம் 136 அடியிலிருந்து 142 அடிவரை தேக்க அனுமதித்தது. நிறைந்த நாட்களில் அந்த ஆறு அடி பல குட்டை மரங்களை விழுங்கிவிடுகிறது.

இன்ஜின் சத்தம் இல்லாததால் காடு நம்மைக் கண்டுகொள்வதில்லை. மொட்டை மரத்து உச்சியில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்கிறது, பொந்துகளில் கூடுகள். நீர்நாய்க் குடும்பம் ஒன்று தலைகளை வரிசையாக நீட்டி நம்மைப் பார்த்துவிட்டு மீனைத் தின்னப் போய்விடும். இது நிஜமாகவே நடக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளத் தோன்றும்.

இந்தக் காப்பகத்தின் பெரிய வேடிக்கை வேறு. இதே காட்டில் பல நாள் நடந்து கூடாரத்தில் தங்கும் புலித்தடப் பயணத்தை நடத்துபவர்கள், ஒருகாலத்தில் வயணாப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள். காட்டு இலவங்கப்பட்டைதான் அது. தொண்ணூறுகளில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது வனத்துறை அவர்களைக் குழுவாக்கி வேலை கொடுத்தது. ஆளுக்குத் தெரியாமல் நடக்கக் கற்றவர்களைவிட நல்ல காவலர் எங்கே கிடைப்பார்? மன்னான், பளியர் குடியினரும் இங்கே வழிகாட்டிகள். பெரும்பாலும் தமிழிலேயே பேச்சு ஓடிவிடும்.

போடியிலிருந்து தேக்கடிக்குப் போக இரண்டு வழி. கம்பம், லோயர் கேம்ப் வழி சுருக்கம். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, நெடுங்கண்டம், புற்றடி வழியாகச் சுற்றினால் குமுளிவரை ஏலத்தோட்டம்தான். விடியலில் கிளம்பினால் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் வளைவுக்கு வளைவு முந்தும். வழிவிட்டு விடுங்கள், அவர்கள் நேரத்துக்குப் போயாக வேண்டும்.

விவசாயிக்குக் கவலை தரும் கோடைதான் தெப்பத்துக்குக் கொண்டாட்டம். நீர் வடிந்து மரங்கள் நெட்டையாகத் தெரியும், யானையும் காட்டெருமையும் தண்ணீர் தேடிக் கரைக்கு வரும். காட்டுத்தீக் காலத்தில் பயணத்தை நிறுத்துவதும் உண்டு; முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம், மாற்றுத்துணி ஒரு செட் வேண்டும். யானையைக் காட்டச் சொல்லி வழிகாட்டியை மட்டும் நச்சரிக்காதீர்கள்.